கறுத்த மணலில் ஒரு வெள்ளைத் தாது

போன திங்கட்கிழமை எங்கள் வலியசாலைத் தெருவே ஒரு மாதிரியாகிவிட்டது. எதிர்வீட்டு சுப்பராமய்யர் நெற்றியில் விபூதி இல்லாமல் வேலைக்குப் போனார்! பால்காரர்கூட நின்று பார்த்தார். எனக்கே பக்கென்றது... காரணம் தெரியும்வரை.

ஐயர் சர்க்கார் லாபரட்டரியில் கெமிஸ்ட். நம் கடற்கரைக் கறுத்த மணல் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிப் போகிறது. அதில் என்ன சரக்கு இருக்கிறது என்பதையும் வாங்குகிறவன்தான் சொல்வான்; நாம் தலையாட்டுவோம். இனி நாமே சோதிப்போம், நாமே பிரிப்போம் — இது புதுத் திட்டம். ஆனால் முதலில் ஒரு பரீட்சை. மாதிரி மணலை இங்கே பிரித்து எடை போட்டால், அதே மணலை டில்லியில் பிரித்துப் போட்ட கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் லாபரட்டரிக்குப் பூட்டு. ஐயர் வேலைக்கும்தான்.

ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு தடவையும் எடை துளி கூடுதல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கறுப்புக்கு நடுவே வெள்ளைப் பொடி! டில்லிக்காரர்கள் கோட்டைவிட்ட புதுத் தாது என்று ஐயர் என் காதோடு சொன்னார். ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. நானும் நம்பி, பத்திரிகையில் இதே பத்தியில் எழுதப் பேனாவைத் திறந்தேன். நல்லவேளை, மை தீர்ந்திருந்தது.

அவருடைய மேலதிகாரி மலையாளி. ஐயர் லீவு போட்ட அன்று தாதுவும் லீவு போட்டதைக் கவனித்துவிட்டார். மறுநாள், தராசின்மேல் குனிந்திருந்த ஐயரை நிமிரச் சொல்லி, லென்ஸை அவர் நெற்றிக்கு நேரே பிடித்தார்.

"சாமி, அந்தத் தாதுவோட சுரங்கம் இங்கேயாக்கும்."

ஐயர் குன்றிப்போனார். வீட்டிலோ வேறு பயம். வெறும் நெற்றியோடு அவர் வாசற்படி தாண்டியதே இல்லை. தெரு என்ன பேசும்? மனைவி மீனாட்சியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு காப்பி குடித்தாராம். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"பகவான் எங்கே போயிடப் போறார்? மணல்தான் கப்பலேறிப் போயிடும். சாயங்காலம் வந்து இட்டுக்கோங்கோ."

திட்டம் என்றால் டில்லியில் தடித் தடிப் புத்தகங்களாகப் போடுகிறார்களே — அதில் மீனாட்சியம்மாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா?

நேற்று எடை அச்சாகப் பொருந்திவிட்டது. ஐயர் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார், நெற்றி நிறைய விபூதியோடு. எனக்குக் கண் கலங்கியது. இந்த நாடு பிழைத்துக்கொள்ளும் சார்!

மேலதிகாரியும் இப்போது சந்தனக் குறியை வீட்டிலேயே துடைத்துவிட்டு வருகிறாராம்... எதற்கு வம்பு!