நித்தியகல்யாணி மூட்டை

எருத்தேன்பதியில் எனக்கு நித்தியகல்யாணித் தழை கொடுத்த விவசாயி, விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் பறிப்பார். அந்தச் செடியின் மருந்துதான் அவருடைய ரத்தப் புற்றைத் தீர்த்தது. விரல்களை மரத்துப்போகச் செய்ததும் அதுதான்.

நரம்பைக் கெடுக்காதபடி அந்த மருந்தை மாற்றிச் செய்து, செல்களில் சோதிப்பது என் வேலை. மூன்று வருடமும் வீண்.

“இந்தத் தடவையாச்சும் கைகூடுச்சுங்களா?” என்று தழை வாங்கப் போனபோது கேட்டார்.

“நரம்பை ஒண்ணும் பண்ணலைங்க. புற்றையும் ஒண்ணும் பண்ணலை!” என்று எரிந்து விழுந்தேன்.

“அப்ப பாதி ஆயிருச்சுங்களே,” என்று சிரித்தார்.

அதன் பிறகு நான் போகவில்லை. தழையைப் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லிவிட்டேன். கட்டும்போது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அவருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு மூட்டையின் முடிச்சையும் அவிழ்ப்பதற்குள் என் விரல்கள் நோகின்றன.