ராஜி ஆன்ட்டிக்குப் போட்டுக் காட்டிய தேங்காய்

‘ராஜி ஆன்ட்டி காலமானார்’ என்று சனிக்கிழமை காலை நம் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, சிரிக்கிற பொம்மையைப் போட என் கட்டைவிரல் போய்விட்டது. காரணம் உண்டு. போன மாதம்தான் அவர் அதே குழுவில் ‘தண்ணீர்த் தொட்டியில் ஆமை’ என்று போட்டு, பாதி பிளாக்கை மொட்டைமாடிக்கு ஓடவைத்தார். அங்கே ஆமை இல்லை. பகோடாத் தட்டோடு ஆன்ட்டி இருந்தார். “மழை வர்ற மாதிரி இருக்கு. தனியா எப்படித் திங்கிறது?” என்றார். இந்த முறையும் மாடியேறி அவர் வீட்டுக்குப் போனேன். பகோடா இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

இந்தக் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் உங்களுக்கெல்லாம் அவர் மதுரைக்கார ஆன்ட்டி. எனக்கு வகுப்புத் தோழி. ஒன்பதாவதோடு நின்ற படிப்பை ஐம்பது தாண்டி மறுபடி எடுத்து, திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதினார். நானும் அப்போது பத்தாவது. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார். அறிவியல் மட்டும் இரண்டு முறை காலை வாரியது. கனமான பொருள்தான் முதலில் விழும் என்று இரண்டு முறையும் எழுதியிருந்தார். அவர் கணவர் சேகர் அங்கிளுக்கு ராக்கெட் சம்பந்தப்பட்ட வேலை. “நான் மேல ஏத்துறதுல பாஸ். நீ கீழ விழுறதுல ஃபெயிலா?” என்று கிண்டலடிப்பார்.

ஆன்ட்டி சிரித்துவிடுவார். ஆனால் ஒருநாள் என்னிடம் மட்டும், “இந்தத் தடவையும் போச்சுன்னா புஸ்தகத்தை எடைக்குப் போட்டுருவேண்டி” என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

“ரெண்டும் ஒரே நேரத்துல விழும்னு எழுதுங்க ஆன்ட்டி. அவ்ளோதான்.”

“கைக்கு?” ஏன் என்பதை அவர் இந்த ஊர் உருதுவில் அப்படித்தான் கேட்பார். “தேங்காயும் எலுமிச்சையும் ஒண்ணாடி? சோதிச்சுப் பாக்காததை நான் எழுத மாட்டேன். சொல்லாத, போட்டுக் காட்டு.”

பிளாக்குக்குப் பின்னால் கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் குவிந்திருந்தது. நான் இரண்டாம் மாடி பால்கனியில். ஆன்ட்டி கீழே, தள்ளி நின்று, கண்ணை மூடி, ஒரு ‘தொப்’பா இரண்டா என்று காதைத் தீட்டிக்கொண்டு. முதல் தடவை என் கை சும்மா இருக்குமா? தேங்காயை ஒரு நொடி தாமதமாக விட்டேன். “எலுமிச்சை ஜெயிச்சிருச்சு!” என்று கத்தியவர், காய்கறி வண்டிக்காரர்வரை அதைப் பரப்பிவிட்டார். விஷயம் தெரிந்ததும் என் தண்ணீர் பாட்டிலில் அதே எலுமிச்சையைப் பிழிந்து உப்பை அள்ளிப் போட்டார். கணக்கு தீர்ந்தது.

பிறகு ஒழுங்காகப் போட்டேன். ஒரே ‘தொப்’. நம்பவில்லை. “இன்னொரு தடவை.” மற்ற வீடுகளில் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள், எங்கள் பிளாக்கில் தேங்காய் விழுந்து விழுந்து படித்தது. கடைசியில் அது மணலுக்குள் கிடந்த செங்கல்லில் பட்டு உடைந்தது. “நம்பிட்டேண்டி!” என்று அங்கேயே ஒரு குதி குதித்தார். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் தேங்காய்ச் சட்னி. அங்கிள் மட்டும் கீழே இறங்கி வரவே இல்லை. “அதான் புக்லயே இருக்கே” என்றார்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. வெளியே வந்த ஆன்ட்டியின் முகம் வெளிறியிருந்தது. “அய்யோ, இரும்புக்குண்டு, மரக்குண்டுன்னு எழுதாம தேங்காய், எலுமிச்சைன்னு எழுதிட்டேண்டி. சட்னியையும் எழுதிட்டேன். திருத்துறவங்க என்ன நினைப்பாங்க?”

என்ன நினைத்தார்களோ, பாஸ் போட்டார்கள்! அன்று பால்கனியிலிருந்து “பிடிடி!” என்று ஒரு லட்டையும் ஒரு சாக்லேட்டையும் சேர்த்து விட்டார். இரண்டும் ஒன்றாக வந்ததால் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டையும் கோட்டைவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் சேகர் அங்கிள் கதவைத் தட்டினார். ஒரு கையில் தேங்காய், இன்னொரு கையில் எலுமிச்சை. “நான் ஒரு தடவைகூடப் பாக்கலைம்மா” என்றார். நான் மேலே போனேன். அவர் மணலருகே, ஆன்ட்டி நிற்கும் அதே இடத்தில் நின்றார். இந்த முறை என் கை குறும்பு செய்யவில்லை.

தொப்.

மணலில் கிடந்த இரண்டையும் குனிந்து எடுத்தவர், மெல்ல நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“நம்ப முடியலைம்மா. இன்னொரு தடவை போடு.”

ஆன்ட்டியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ‘இன்னொரு தடவை’யைத்தான். அதில் பாதியை அங்கிள் எடுத்துக்கொண்டார்.