கறிக்கு உப்புத் தேய்த்த கை

என் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ரகரமும் றகரமும் இன்றுவரை தடுமாறும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் மனைவி வாந்திபேதியில் இரண்டே நாளில் போய்விட்டாள். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. மூன்று நாள் அக்கம்பக்கத்திலிருந்து சோறு வந்தது. நான்காம் நாள் நான் அடுப்புப் பற்ற வைத்தேன். அதற்கு முன் ஒரு முட்டைகூட அவித்ததில்லை.

ராஜபாளையத்தில் ஒரு தோல் கிட்டங்கியில் எனக்கு வேலை. சேத்தூர், தேவதானம் பக்கமிருந்து மாட்டுத்தோல் வண்டியில் வரும். அதை விரித்து, சதைப் பக்கம் உப்பைக் கொட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, மடித்து அடுக்க வேண்டும். பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல் அங்கேயே கூட்டிப் போனேன். வாசலில் சாக்கு விரித்து உட்கார வைப்பேன். அவள் விளையாட மாட்டாள். நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் தெருக் கசாப்புக்காரர் வாரம் இரண்டு நாள், உழவுக்கு ஆகாத மாடு ஒன்றை அறுப்பார். ஆட்டுக்கறி எங்கள் கைக்கு எட்டாது. மாட்டுக்கறி வாங்கினேன். ஆனால் மசாலா அரைக்க வெட்கம். அம்மி நாலு வீட்டுக்கும் பொதுவாக முற்றத்தில் கிடந்தது. ஆண்பிள்ளை அதன் முன்னால் குந்தினால் பெண்கள் சிரிப்பார்கள். ஒருநாள் வீட்டுக்குள்ளேயே கல்லால் கொத்தமல்லியை நுணுக்கியதற்கே எதிர்வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்.

“என்னண்ணே, மல்லிய நுணுக்குதியளா, பாம்ப அடிக்கியளா?”

அன்று முதல் அரைக்காமல் ஆக்கக்கூடிய கறியாகவே பழகிக்கொண்டேன். அது சுலபம். கறியைப் பெரிய துண்டாக வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகத் தேய்த்து வைப்பேன். சட்டியில் கறி, உரித்த உள்ளி, கிள்ளிய மிளகாய் வற்றல், கல்லில் நுணுக்கிய மல்லி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு மூடுவேன். கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயில் ஒரு துண்டு. விறகாக எரிக்கும் பருத்திமார் சீக்கிரம் எரிந்துவிடும் என்பதால் பக்கத்திலேயே இருந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மிச்சம் இருந்தால் மறுநாள் சாயங்காலம் மிளகைத் தட்டிப் போட்டு அதே சட்டியில் வற்ற விடுவேன். எலும்புத் தண்ணீரைச் சோளச் சோற்றில் ஊற்றிப் பிசைவேன்.

பிள்ளை சாப்பிடவில்லை. இரண்டு வாய் வாங்குவாள், “வயிறு நெறஞ்சிருச்சு அத்தா” என்பாள். காரத்தைக் குறைத்தேன். தேங்காய் போட்டேன். ஒருநாள் ஈரலாக வாங்கி வந்தேன். எதுவும் ஆகவில்லை. அவள் கை முட்டி எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. என் சமையலில்தான் குறை என்று நினைத்து, கறிக்கு இன்னும் அழுத்தி உப்புத் தேய்த்தேன். உப்பு உள்ளே இறங்கினால் ருசி வரும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

நாற்பதாம் நாள் ஓதுவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் மனைவியின் அக்காள் வந்தார். பிள்ளையைத் தூக்கியவர் கண் கலங்கிவிட்டது.

“இது பிள்ளையா, வாருகோல் குச்சியா? தம்பி, இவள நான் கூட்டிட்டுப் போறேன். ஆம்பள கையில பிள்ள வளருமா?”

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. அன்று பேசினேன். “மதினி, இன்னைக்கு நான் ஆக்குதேன். அவ நல்லாச் சாப்பிட்டா விட்டுட்டுப் போங்க. சாப்பிடலன்னா ஒங்க இஷ்டம்.”

மதினி சம்மதித்தார். பிள்ளையை விட்டால் எனக்கு அந்த வீட்டில் யாரும் இல்லை. கசாப்புக் கடையில் நின்று இளங்கறியாகப் பார்த்து வாங்கினேன். என்றைக்கும் இல்லாமல் நெல்லுச் சோறு வடித்தேன். பிள்ளை நிலைப்படியில் உட்கார்ந்து, நான் கறிக்கு உப்புத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதினி முதலில் ருசி பார்த்தார். “நல்லாத்தான இருக்கு! என் தங்கச்சிகூட இம்புட்டுப் பதமா ஆக்க மாட்டா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கவளம் பிசைந்து பிள்ளை வாயில் வைத்தேன். அவள் மென்றாள், விழுங்கவில்லை. கன்னம் உப்பியபடி என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து பின்பக்கம் ஓடினாள். மதினி பின்னாலேயே போனார். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“ஏட்டி, ஏன் துப்புத? நல்ல கறிதான?”

“அத்தா கிட்டங்கில தோலுக்கு உப்புத் தேய்ப்பாகல்ல பெரியம்மா, அதே மாதிரிதான் இதுக்கும் தேய்க்காக. அதே வாடை அடிக்கி. அத்தா கையிலயும் அடிக்கி.”

“அத்தாகிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா அத்தா அழுவாக.”

நான் கையை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து வருஷமாக அந்த வாடையில் இருந்தவனுக்கு மூக்கு செத்துப் போயிருந்தது. சாம்பலைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சீயக்காய் போட்டும் கழுவினேன். போயிற்றா, போகவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? வேறு வேலையும் எனக்குத் தெரியாது.

அவர்கள் உள்ளே வந்ததும் நான் முந்திக்கொண்டேன். “கூட்டிட்டுப் போங்க மதினி. வேலைக்குப் போற எடத்துல இவ எனக்கு எடஞ்சலா இருக்கா.” பிள்ளையும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். தான் சொன்ன வார்த்தையால்தான் வீட்டை விட்டுப் போகிறோம் என்று அவள் நினைக்கக் கூடாது. மதினிக்குப் புரிந்துவிட்டது. வண்டியில் ஏறும்போது பிள்ளை அழவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. மிஞ்சிய கறியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் நன்றாக வளர்ந்தாள். அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். பெருநாளுக்குப் போனால் எனக்குக் கறியாக்கிப் போடுகிறாள். மசாலா அரைத்து, தாளித்து, முறையாக ஆக்கும் கறி. போன பெருநாளில் தட்டில் சோறு வைத்தவள் கேட்டாள்.

“அத்தா, நான் ஒங்களுக்கு எடஞ்சலாவா இருந்தேன்?”

இத்தனை வருஷம் அதை வைத்திருந்திருக்கிறாள். என் தலை நிமிரவில்லை. “கறி நல்லா வெந்திருக்கும்மா” என்றேன். அவள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் பழியை அந்த ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தது போலாகும். சொல்லாவிட்டால் அவள் மனதில் நான் இப்படியே இருப்பேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அவள் புருஷனுக்குத் தெரியும். இதைப் பெட்டியில் வைக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு அதைத் திறந்தால் அவன் வாசித்துக் காட்டட்டும். அப்போது அவளுக்கும் வயதாகியிருக்கும், தாங்கிக்கொள்வாள்.

ராஜபாளையம், சோபகிருது வருஷம், ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் தேதி.