புள்ளி அக்காவும் மீன் தொட்டிப் புண்ணும்

“வாத்து கொத்துச்சா, இடிச்சுச்சா?”

வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும் பூங்காக் காவலாளியிடம் இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்களா? கேட்பதில் என்ன பயன்? புள்ளி அக்காவோ தோளில் பை தொங்க, பேருந்தைத் தவறவிட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“கொத்துனா என்ன, இடிச்சா என்ன? வலிக்குது, அவ்வளவுதான்” என்றார் காவலாளி.

“அப்படி இல்லண்ணே. கொத்துனா ஒரு எண்ணு, இடிச்சா வேற எண்ணு.”

“ரெண்டும் பண்ணிச்சு.”

“அப்ப ரெண்டு எண்ணு” என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு அக்கா அடுத்த பேருந்தில் ஏறினார்.

அவர் மருத்துவமனை ஒன்றில் மெடிக்கல் கோடிங் பார்க்கிறார். மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து எழுதிவைப்பதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போடுவது வேலை. முதலில் ஓர் எழுத்து, பிறகு இரண்டு இலக்கம், ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் இன்னும் சில இலக்கங்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பது நோயின் குடும்பம்; பின்னால் இருப்பது அது குடும்பத்தில் யார், உடம்பில் எங்கே, வலப்பக்கமா இடப்பக்கமா என்பது. அவசரக்காரர்கள் புள்ளிக்குப் பின்னால் ஒன்பதைப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். ஒன்பது என்றால் பெரும்பாலும் ‘குறிப்பிடப்படாதது’ என்று பொருள். அக்காவுக்கு அந்த ஒன்பதைக் கண்டால் ஆகாது. “கையை விரிக்கிற எண்ணு” என்பார். “வீட்டுக்கு வந்தவங்களை யாருன்னே கேக்காம வாசல்லயே நிக்க வெக்கிற மாதிரி.” புள்ளிக்குப் பின்னால் என்ன என்று விடாமல் கேட்பதால்தான் அவருக்குப் ‘புள்ளி’ என்ற பெயர் வந்தது.

அவருடைய அறை தரைக்குக் கீழே, சலவைப் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவரைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். தலைக்கு மேலே போகும் குழாய் யாராவது மேலே குளிக்கும்போதெல்லாம் உறுமும். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். மருத்துவர்களின் குறிப்புகளை அவரவர் குரலிலேயே வாசிப்பார். எலும்பு மருத்துவருக்குக் கரகரப்பு, குழந்தை மருத்துவருக்குக் கொஞ்சல். அபூர்வமான நோய்க்குச் சரியான எண் கிடைத்துவிட்டால் நாற்காலி ஒரு முழுச் சுற்று சுற்றும். பக்கத்து இருக்கைக்காரர் தன் தேநீரைக் கையால் மூடிக்கொள்வார்.

அந்தப் பக்கத்து இருக்கைக்காரருக்குப் ‘புதுமாப்பிள்ளை’ என்று பெயர். கல்யாணமாகி, குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

வீட்டிலும் அக்கா இப்படித்தான். கணவர் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். ஒருநாள் விரலைச் சுத்தியலுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

“எந்தக் கை? எந்த விரலு? நகம் போச்சா, இருக்கா? இதுக்கு முன்னாடி யாருக்கிட்டயாவது காட்டுனீங்களா?”

“முதல்ல ஒரு துணியக் குடும்மா. அப்புறம் என் ஜாதகத்தையே குடுக்கறேன்.”

கல்லூரிக்குப் போகும் மகளுக்கு இந்த வீட்டில் வாழும் வித்தை தெரியும். நேரம் கழித்து வந்தால், அம்மா “யார்கூடச் சுத்திட்டு வர்ற?” என்று கேட்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அது பதிலைக் கேள்விக்குள்ளேயே திணிக்கும் கேள்வி. அக்காவின் தொழிலில் அதற்கு இடமில்லை. மருத்துவரிடம் சந்தேகம் கேட்டால், “இது இந்த நோய்தானே?” என்று கேட்கக் கூடாது. “இது என்ன நோய்?” என்றுதான் கேட்கலாம். நோயாளிக்கு நன்மை, தீமை, பணம், அவசரம் என்று பதிலை வளைக்கக்கூடிய எதையும் பதில் வரும்முன் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. ஆகவே வீட்டிலும் அக்கா, “லேட்டானதுக்கு என்ன காரணம்?” என்று மட்டுமே கேட்பார்.

“காரணம் குறிப்பிடப்படவில்லை” என்று சொல்லிவிட்டு மகள் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். அப்பா தட்டுக்குள் சிரிப்பார்.

இந்த விதி அக்காவை ஒருமுறை படுத்திய பாடுதான் இங்கே சொல்ல வேண்டியது.

அறையின் ஒரு சுவரில் கண்ணாடி சன்னல் ஒன்று உண்டு. அதன் அடியில் அரைவட்ட ஓட்டை. சிகிச்சைத் தாள்களின் நகல் வேண்டுபவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கே ஓர் அம்மா வந்தார். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆயாவாக இருப்பவர். கசங்கிய தாள் ஒன்றை ஓட்டைக்குள் தள்ளினார்.

“இதுல எழுதியிருக்கறது நிஜமாம்மா?”

தாளின் தலையில் ‘தோல் காசநோய்’ என்று அச்சாகியிருந்தது.

“விரல்ல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. டாக்டர் என்னவோ, இது யாருக்கும் ஒட்டாது, மாத்திரை போட்டாச் சரியாயிடும்னுதான் சொன்னார். ஆனா எங்க மேடம் இந்தத் தாளைப் பார்த்துட்டு வாசல்லயே நிறுத்திட்டாங்க. திங்கக்கிழமை வேற ஆளு வருதாம்.” கண்ணாடிக்கு இன்னும் பக்கத்தில் வந்து சொன்னார்: “அங்க ஒரு பொடியன் இருக்கான். என் மடியில போட்டுத் தட்டினாத்தான் தூங்குவான். நேத்து தூங்குனானோ என்னவோ.”

“மதியத்துக்கு மேல வாங்கம்மா. பார்த்துச் சொல்றேன்” என்றார் அக்கா.

கோப்பைத் திறந்தார். தோல் மருத்துவர் தன் குறிப்பில் காசநோய் என்று எங்கேயும் எழுதவில்லை. ‘விரலில் மைக்கோபாக்டீரியத் தொற்று’ என்று மட்டும் எழுதியிருந்தார். அது ஒரு கிருமிக் குடும்பத்தின் பெயர்; காசநோய்க் கிருமி அந்தக் குடும்பத்தில் ஒன்று, அவ்வளவுதான். ஆய்வகத்தின் முதல் அறிக்கையில், அமிலத்தில் கழுவினாலும் சாயம் விடாத கிருமி தென்பட்டது என்று இருந்தது. காசநோய்க் கிருமி அப்படித்தான் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் உறவுக்காரக் கிருமிகள் பலவும் அப்படியே செய்யும். இதை எண்ணாக மாற்றியவர் பக்கத்து இருக்கையில் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“தம்பி, இங்க வா.”

புதுமாப்பிள்ளை நாற்காலியோடு உருண்டு வந்தார். திரையைப் பார்த்தார். காது சிவந்தது.

“சாயம் விடலன்னு இருந்துச்சுக்கா. அதான்…”

“சாடை ஒண்ணா இருக்குன்னு பெரியப்பா பையனைப் பிடிச்சு ஜெயில்ல போடுவியா?”

“இப்பவே எடுத்துடறேன்கா.”

“எடு. எடுத்துட்டு என்ன போடுவ?”

புதுமாப்பிள்ளை யோசித்தார். “குறிப்பிடப்படாத மைக்கோபாக்டீரியத் தொற்று” என்று மெதுவாகச் சொன்னார். புள்ளி ஒன்பது.

அக்கா பெருமூச்சு விட்டார். டாக்டர் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனால், “குறிப்பிடலன்னா? எதுவா வேணா இருக்கலாமே?” என்று அந்த மேடம் கேட்பார். கேட்பதில் தப்பும் இல்லை.

இத்தனைக்கும் பதில் கோப்புக்குள்ளேயே இருந்தது. முதல் நாள் மாலைதான் கிருமியை வளர்த்துப் பார்த்த இரண்டாவது அறிக்கை வந்திருந்தது. மீன் வாழும் தண்ணீரில் இருக்கும் கிருமி அது. கையில் கீறலோடு மீன் தொட்டியைக் கழுவுகிறவர்களுக்கு வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாதது. அக்கா அதைப் படித்ததும் நாற்காலி கால்வாசி சுற்றி, அப்படியே நின்றுவிட்டது. ஆய்வகம் சொன்னதை வைத்து அவர் எண் போட முடியாது. மருத்துவர் தன் கையால் எழுத வேண்டும். அக்கா கணினியில் கேள்வியைத் தட்டினார்: ‘விரல் புண்ணுக்குக் காரணமான கிருமி எது? தயவுசெய்து குறிப்பிடவும்.’

பதில் வரவில்லை. மேலே விசாரித்ததில், தோல் மருத்துவர் அன்று மதியத்தோடு ஒரு மாத விடுப்பில் போகிறார் என்று தெரிந்தது.

அக்கா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். புதுமாப்பிள்ளை வாயைப் பிளந்தார். அக்கா வேலை நேரத்தில் மேலே போய் அவர் பார்த்ததே இல்லை.

தோல் பிரிவுக்குப் போனபோது டாக்டர் பையோடு லிஃப்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். கதவு மூடும்முன் அக்காவும் நுழைந்துவிட்டார்.

“அடடே, புள்ளியா? மேல வந்துட்டீங்க. இன்னிக்கு மழை வரும்போல.”

அக்கா சிரித்தார், ஒன்றும் பேசவில்லை. லிஃப்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அங்கே நோயாளியைப் பற்றிப் பேசக் கூடாது. லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று, ஆளை ஏற்றி, ஆளை இறக்கி, கல்யாண ஊர்வலம்போல நிதானமாக இறங்கியது. அக்கா கதவின் மேல் மாறும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்களைப் பார்த்து அவர் எரிச்சல்பட்டது அநேகமாக அன்றைக்குத்தான்.

வண்டிகள் நிற்குமிடத்தில், டாக்டர் கார் கதவில் கை வைத்ததும் அக்கா வாயைத் திறந்தார்.

“டாக்டர், காலையில ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன்.”

“பார்த்தேன். விரல் புண்ணுதானே? லேப்லயே வந்திருக்கே, போட்டுக்கோங்க.”

“லேப் சொன்னது லேப் சொன்னதுதான் டாக்டர். நீங்க சொல்லணும்.”

“சரி, நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதுதான்.”

“நான் எதையும் நினைக்கல டாக்டர்.”

“பொய் சொல்லாதீங்க. முகத்துலயே எழுதியிருக்கு.”

“முகத்துல எழுதியிருக்கறதுக்கெல்லாம் எண்ணு போட முடியாது டாக்டர்.”

டாக்டருக்குச் சிரிப்புத் தாளவில்லை. பையைக் காரின் மேல் வைத்தார். விடுப்பு அவர் உடம்புக்குள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தது.

“ஒரு க்ளூ தர்றேன். தண்ணில இருக்கும். வாலை ஆட்டும். நீங்களே சொல்லுங்க பாப்போம்.”

அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் கைகளுக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, மீன். இன்னொன்று, ஆயாவின் மடியில்லாமல் தூங்காத பொடியன். இரண்டையும் சொல்ல முடியாது. சொன்னால் டாக்டர் எழுதப்போவது டாக்டருடைய பதிலாக இருக்காது.

“என்ன பொம்பளைங்க நீங்க. என் வீட்டம்மாகூட இவ்வளவு நேரம் வாயை மூடிட்டு இருந்ததில்ல” என்று டாக்டர் போனை எடுத்தார். நோயாளியின் கோப்பைத் திறந்து, நின்றபடியே தட்டினார். கிருமியின் பெயர், எந்தக் கை, எந்த விரல், மீன் தொட்டித் தண்ணீரால் வந்தது என்பது வரை எழுதிக் கையொப்பமிட்டார். திரையை அக்காவிடம் திருப்பிக் காட்டினார்.

அக்கா ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். கைகளை இறக்கினார். அதன் பிறகு மடை திறந்தது.

“டாக்டர், அந்தம்மா குழந்தைங்க காப்பகத்துல ஆயா. எங்க ரூம்ல தப்பா காசநோய்னு எண்ணு போட்டுட்டோம். அவங்களை உள்ள விடமாட்டேங்கறாங்க. திங்கக்கிழமை வேற ஆளு போடறாங்களாம்.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“முதல்ல சொல்லக் கூடாது டாக்டர்.”

டாக்டர் கார் கதவைத் திறந்தார். பிறகு கார் இருக்கையில் உட்கார்ந்து மறுபடி தட்டினார்: ‘ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாது. புண்ணை மூடிக் கட்டியிருந்தால் குழந்தைகளுடன் வேலை செய்யத் தடையில்லை.’

“போதுமா?”

“இப்ப நீங்க விடுப்புல போலாம் டாக்டர்” என்று அனுமதி கொடுத்துவிட்டு, அக்கா வண்டிகள் இறங்கும் சரிவுப் பாதை வழியாகவே கீழே ஓடினார். அந்தப் பருத்த உடம்போடு அவர் ஓடியதைக் கண்ட வாட்ச்மேன், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து விசிலை எடுத்தார்.

எண் மாறியது. காசநோய் எண் போய், புள்ளிக்குப் பின்னால் ‘1’ என்ற இலக்கம் வந்தது; அது ‘தோல்’ என்றது. அதன் கீழே டாக்டரின் வரிகள். புதுமாப்பிள்ளையே அச்செடுத்து, தாளை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு சன்னலுக்கு வந்தார். ஆயா அங்கே நின்றிருந்தார்.

“தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிடுங்க” என்றார்.

ஆயா தாளை உதடு அசைய வாசித்தார். பாதியில் நிமிர்ந்தார். “மீன் தொட்டியா? எங்க காப்பகத்துத் தொட்டியா?”

“நீங்கதான் கழுவுவீங்களா?” என்று கேட்டார் புதுமாப்பிள்ளை.

“வேற யாரு? பசங்க மீனு மீனுன்னு கண்ணாடியை நக்குவாங்க. அதுக்காகத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவேன். தீனி போடறதும் நான்தான்.” ஆயா மறுபடி தாளைப் பார்த்தார். “தின்ன வீட்டுக்கே ரெண்டகம் பண்ணியிருக்குதுங்க பாரு.”

மூவரும் சிரித்தார்கள். குழாய் மேலே உறுமியது. “இனிமே நீளமா ஒரு ரப்பர் கையுறை மாட்டிக்கிட்டுக் கழுவுங்கம்மா” என்றார் அக்கா.

அப்போதுதான் கவனித்தார். சிரிக்கும்போதும் வாசிக்கும்போதும் ஆயா இடது கையை மட்டுமே வெளியே வைத்திருந்தார். கட்டுப் போட்ட வலது கை முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. யாருக்கும் பட்டுவிடக் கூடாதே என்று இத்தனை நாளாக அங்கேயே வைத்துப் பழகியிருக்க வேண்டும்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணாடியின் அரைவட்ட ஓட்டைக்குள் தன் கையை முழங்கைவரை நுழைத்து, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். அந்த வலது கை முன்னால் வந்து அதில் உட்காரும்வரை எடுக்கவில்லை.

மீன் தொட்டி வைத்திருக்கும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீறல் பட்ட கையைக் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் விட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும்.