ஒவ்வொரு மாலையும் ஒரு கட்டைவிரல்

பிரமிளாவுக்குத் தமிழில் சண்டை போடத் தெரியும், சாமி கும்பிடத் தெரியும், தூங்காத பிள்ளையைத் தாலாட்டத் தெரியும். படிக்கத்தான் தெரியாது.

புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மூடிக் கிடந்தது. நடந்து போகிற தூரத்தில் இருந்த கிராமத்து மலாய்ப் பள்ளியில் அப்பா சேர்த்துவிட்டார். நன்றாகவே படித்தாள். இப்போது தஞ்சோங் காராங் பக்கம் ஒரு நெல் ஆலையில் அலுவலக வேலை. மலாயில் கடிதம் எழுத வேண்டுமென்றால் முதலாளி முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

ஆனால் கோயில் திருவிழாவில் உபயக்காரர்கள் பெயரை மைக்கில் படிக்கச் சொல்லித் திலகம் அக்கா தாளை நீட்டினால் போதும், பிரமிளாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இரண்டு திருவிழாக்களை அப்படியே ஓட்டினாள். மூன்றாவதில் திலகம் அக்கா, "ஒனக்குத் திருவிழான்னா மட்டும்தான் தொண்ட கட்டுமா லா?" என்று கேட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிரமிளாவும் சிரித்து வைத்தாள். மகள் ரூபினி தமிழ்ப்பள்ளிக்குத்தான் போவாள் என்று அங்கேயே, அந்தப் பந்தலுக்குள்ளேயே முடிவு செய்துவிட்டாள்.

கணவன் குகனுக்கு அதில் இஷ்டமில்லை. அவன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். செம்பனை லோரி ஓட்டுகிறான்.

"நான் தமிழ்ப்பள்ளி, லோரி. நீ மலாய்ப் பள்ளி, ஏர்கோன் ஆபிஸ். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"கொஞ்ச நாள் பாப்போம்ங்க."

"சரி. படிக்கலன்னா மாத்திருவேன். அப்புறம் அழக் கூடாது."

முதலாம் ஆண்டு ஆசிரியை உஷாராணி ஒரு பழக்கம் வைத்திருந்தார். பிள்ளைகள் தினமும் ஒரு சிறிய கதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டைவிரல் படம் போட வேண்டும். அவ்வளவுதான்.

ரூபினி வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டு, குரலை ஏற்றி இறக்கிப் படிப்பாள். முயல் வரும், முதலை வரும், முயலுக்குக் காய்ச்சல் வரும். பிரமிளாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கைப்பேசியை எடுத்துக் கட்டைவிரல் போடுவாள். ஒவ்வொரு மாலையும் போட்டாள்.

குகன் வழக்கமாக மகள் தூங்கிய பிறகுதான் வருவான். ஒரு நாள் லோரி பட்டறையில் நின்றுவிட்டதால் சீக்கிரமே வந்து கூடத்தில் படுத்திருந்தான். ரூபினி படிக்க ஆரம்பித்தாள். சிறிது நேரத்தில் எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"இன்னொரு தடவ படிம்மா."

ரூபினி மறுபடி படித்தாள். இந்தத் தடவை முயலுக்கு ஒரு தம்பியும் இருந்தான்.

"மொதல்ல தம்பி இல்லையே?"

ரூபினி புத்தகத்தை மூடப் பார்த்தாள். குகன் விரலை வைத்துத் தடுத்தான்.

"இங்க முயலே இல்ல ரூபி. 'இது என் வீடு. வீட்டில் கதவு உண்டு'ன்னு போட்டிருக்கு. முயல் படத்துல மட்டும்தான் இருக்கு." பிறகு மனைவியைப் பார்த்தான். "பக்கத்துலதான ஒக்காந்திருந்த? தெனமும் கேட்டுட்டுதான இருந்த?"

பிரமிளா கையிலிருந்த கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்தப்ப கேட்டதுக்கு, தமிழ் கொஞ்சம் படிப்பேன்னியே."

"கொஞ்சம்கூடத் தெரியாதுங்க."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை, அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"வரப்போற பள்ளி லீவு முடியட்டும்" என்றான். "அதுக்கடுத்த திங்கக்கெழம லோரிக்கு லீவு சொல்லிட்டேன்னு வச்சுக்க. மலாய்ப் பள்ளிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள நெசமா படிச்சான்னா இருக்கட்டும். ஞாயித்துக்கெழம நான் ஒக்காந்து கேப்பேன்."

மறுநாள் காலை பிரமிளா பள்ளி வாசலில் ஆசிரியைக்காக நின்றாள். சொல்ல வேண்டியதை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள்.

"அப்ப இத்தன நாளா போட்ட கட்டைவிரல்?" என்றார் உஷாராணி.

"கேட்டுட்டுதான் டீச்சர் போட்டேன். நல்லாத்தான் படிச்சா."

உஷாராணி தோள் பையை இறக்கினார். "வகுப்புல எல்லாரும் சேந்து படிக்கிறப்போ இவ குரல்தான் பெருசா கேக்கும். தனியா நிறுத்திக் கேட்டிருக்கணும். நான் கேக்கல."

பைக்குள்ளிருந்து ஒரு கட்டு எழுத்தட்டைகளை எடுத்தார். "படத்த ஒரு அட்ட வச்சு மூடிருங்க. எழுத்து எழுத்தா விரல் வைக்கச் சொல்லுங்க. திக்குனா நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. வாய மூடிக்கிட்டுக் காத்திருங்க."

"எடுத்துக் குடுக்க எனக்குத் தெரியாதே டீச்சர்."

"சீக்கிரம் தெரிஞ்சிரும். அப்பதான் கஷ்டம்."

அதன் பிறகு மாலை வேளைகள் போர்க்களமாயின. படத்தை மூடியதும் ரூபினியின் வாய் அடைத்துப் போனது. ஒரு வரிக்கு அரை மணி நேரம். அழுதாள், புத்தகத்தை எறிந்தாள். "என்னோட முயல் கதையே நல்லாருந்துச்சு!" என்று கத்தினாள். அது உண்மைதான் என்று பிரமிளாவுக்கும் தோன்றியது. ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் எழுத்தட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டாள். சில நாள் மகள் முந்தினாள், சில நாள் தாய். குழுவில் கட்டைவிரல் போடுவதை நிறுத்தியிருந்தாள். ஆசிரியையும் கேட்கவில்லை.

லீவு ஓடிப்போனது. ஞாயிறு மாலை குகன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். யாரும் பார்க்காத புதுப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

பிரமிளாவே படத்தின் மேல் அட்டையை வைத்தாள்.

"க... ட... லில். கடலில். ப... ட... கு. படகு... போகிறது."

குகன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வரியும் நொண்டி நொண்டிக் கரை சேர்ந்தது. மூன்றாவது வரியில் 'பருந்து' வந்தது. அதற்கடுத்த நீளமான சொல்லில் ரூபினியின் விரல் நின்றுவிட்டது.

வட்டமிடுகிறது. பிரமிளா தேடவில்லை, சொல் தானாக வந்து கண்ணில் விழுந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூடிய அட்டைக்கு வெளியே ஒரு இறக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ரூபினியின் பார்வை மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. பிரமிளாவுக்கு அந்தப் பார்வை தெரியும். முயலும் முதலையும் காய்ச்சலும் அங்கிருந்துதான் வந்தன. இப்போது பருந்துக்கு ஒரு தம்பி வந்தால் எல்லாம் முடிந்தது.

"படத்தப் பாத்துச் சொல்லேன்" என்றான் குகன், மெதுவாக.

ரூபினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "படத்தப் பாக்கக் கூடாது. இது எனக்குத் தெரியலப்பா."

குகன் மகளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தெரியலையா?"

"தெரியல."

"சரி. அடுத்த வரிக்குப் போ."

ரூபினி அடுத்த வரிக்கு விரலைக் கொண்டு போனாள். அது முடியும்வரை குகன் அசையாமல் இருந்தான். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"அண்ணே, நாளைக்கு லீவு வேணாம்ணே. லோரிக்கு வந்துர்றேன்" என்று அவன் பேசுவது உள்ளே கேட்டது.

ரூபினி அம்மாவின் கையைச் சுரண்டினாள். "அந்தப் பெரிய சொல்லு என்னம்மா?"

"எனக்குத் தெரியும்" என்றாள் பிரமிளா. "சொல்ல மாட்டேன்."