அம்மாவைப் பார்த்துச் சீறிய பூனை

எங்கள் வீட்டுச் செவலைப் பூனைக்கு அம்மா ஒருத்திதான் மனுஷி. மற்ற நாங்கள் ஏதோ கூட இருக்கிறோம், அவ்வளவுதான். அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்புக் கூடை சுமக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புடவைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு விடிவதற்கு முன்னால் போவாள். வெயில் ஏறியதும் திரும்புவாள். வாசற்படியில் வந்து உட்கார்ந்ததும் பூனை அவள் கணுக்காலில் காய்ந்திருக்கும் உப்பை நக்கும். கூசுகிறது என்பாளே தவிர காலை இழுத்துக்கொள்ள மாட்டாள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அம்மாவைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றுவலி என்று மட்டும் சொன்னார் அப்பா. என்ன வலி, எதை எடுத்தார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் விஷயம் என்று வாயை அடைத்துவிடுவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள திண்டிவனம் பக்கத்திலிருந்து அத்தை வந்தாள். அத்தை நல்லவள்தான், சுத்தம் என்று வந்துவிட்டால் மட்டும் பேய் பிடித்துவிடும். அம்மா நாளைக்கு வருகிறாள் என்றதும் பாய், தலையணை உறை எல்லாவற்றையும் சோப்புத்தூளில் ஊறவைத்து அடித்துத் துவைத்தாள். அம்மாவின் உப்பளச் சட்டையையும் விடவில்லை. அம்மா இல்லாத பன்னிரண்டு நாளும் பூனை அதன் மேல்தான் படுத்துக்கிடந்தது. கடைசியில் பினாயில் ஊற்றித் தரையையும் கழுவினாள்.

அம்மா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். பூனை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒரு முழ தூரத்தில் நின்று மூக்கை நீட்டி முகர்ந்தது. அப்புறம் முதுகை வளைத்து, மயிரெல்லாம் சிலிர்க்கச் சீறிவிட்டு, பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தாவிவிட்டது. அம்மா அதை நோக்கி நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். அத்தைக்கோ வாயில் எதுவும் நிற்காது.

"அதுக்குத் தெரியாதது இருக்குதா? ஆளு நெலமைய மோந்தே கண்டுபுடிச்சிடும்," என்று அப்பாவின் காதில் சொன்னாள். என் காதிலும் விழுந்தது.

அம்மா சாகப்போகிறாள், எனக்குத்தான் மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். பூனை மனம் மாறி அவளிடம் போய்விட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றும் நானே முடிவுகட்டினேன்.

பல வருஷம் கழித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பூனைக்கு ஆள் என்பதே வாடைதானாம். மருந்து வாடையோடு வந்தவளை அது யாரோ என்று பயந்துதான் சீறியிருக்கும். அம்மா வாடை இருந்த கடைசித் துணியும் சோப்பில் போய்விட்டது. தானாக வரும்வரை விட்டுவிட வேண்டும் என்றார். மூன்று வாரம் கழித்து அது தானாகத்தான் வந்தது. ஆனால் அதுவரை பொறுக்க எனக்கு யார் சொன்னார்கள்?

பள்ளிக்கூடம் விட்டதும் பூனை பின்னாலேயே அலைந்தேன். அறை வாசலில் நின்று, அம்மாவின் கட்டிலுக்கடியில் நெத்திலிக் கருவாட்டை வீசினேன். பூனை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இன்றைக்குக் கட்டாயம் வந்துவிடும் என்று வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடி ஓடுவேன். அவள் பூனையைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துவந்தேன். கட்டில் கதவை ஒட்டித்தான் கிடந்தது; வாசலில் இருந்தபடியே அம்மாவின் காலடியில் விட்டேன். அது என் கையையும் அவள் பாதத்தையும் கீறிவிட்டு அடுப்படிக்குள் பாய்ந்தது. ரத்தத்தைப் பார்த்து அத்தை கத்தினாள். அப்பா அதிகம் பேசாத மனிதர். பூனையைப் பிடித்துக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, மீனவர் குப்பத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்று பைக்கை எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பையைப் பிடித்துத் தொங்கினேன்.

"அத உட்டுட்டா அம்மா செத்துடும்பா."

அப்பா வண்டியை நிறுத்தினார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பூன வரலன்னா போவுது. நீ ஏன்டி இத்தினி நாளா எங்கிட்ட வரல?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவள் வந்ததிலிருந்து நான் அந்த அறை வாசலைத் தாண்டவே இல்லை.

"அது வரட்டும், அப்பறம் நானும் வரலாம்னு இருந்தேன்," என்றேன்.

அம்மா சிரித்தாள். தையல் விட்டுவிடும், பலமாகச் சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. அப்பா கோணிப்பையின் வாயை அவிழ்த்துவிட்டார். நான் உள்ளே போய், மருந்து வாடைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் பக்கத்தில் படுத்தேன். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். தையலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அது விட்டுவிடாமல் இருக்க அவள் கைகள் மேல் என் கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.