முதுகில் ஓடும் அம்பு

சித்ராதேவியிடம் "இது உன்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. ஆகும் என்று காட்டுகிற வரைக்கும் விடமாட்டாள். காட்டிய பிறகும், பார்க்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவாள். அப்படி ஒரு பிறவி!

அப்பா சீனிச்சாமி ராஜபாளையம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக நல்லூர் வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனவர். மகளையும் தையல் மெஷினில் உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தார். அவளோ பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின்களின் போர்டைப் பழுது பார்க்கிற வேலையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டியில் வந்து டூல் பையோடு இறங்குகிறவளைப் பார்த்து முகம் சுளித்த முதலாளிகளெல்லாம், மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவளுக்கு டீ சொல்வார்கள்.

2007-ல் வீரபாண்டியில் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த மயில்சாமிக்கு ஒரு வில்லங்கமான ஆர்டர் பேச்சு வந்தது. இரவில் சைக்கிள் ஓட்டும் வெளிநாட்டுக்காரர்களுக்கு டி-ஷர்ட். முதுகில் ஓர் அம்பு விட்டுவிட்டு எரிந்து, ஓடுவது போலத் தெரிய வேண்டும். ஒளிரும் தகட்டைச் சீனாவிலிருந்து வாங்கித் தருகிறோம், நீங்கள் சட்டையில் வைத்துத் தைத்தால் போதும் என்றார் சென்னை ஏஜென்ட் ராஜ்கமல்.

அங்கே எம்பிராய்டரி மெஷின் பார்க்க வந்த சித்ராதேவி அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மின்சாரம் பாய்ந்தால் ஒளிர்கிற மையைப் பிளாஸ்டிக் தாளில் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"மொதலாளி, பனியனுக்கு நாலு கலர் அடிக்கிறீங்க. இதுக்கு நாலு பூச்சு. இதைப் போய்ச் சீனாவுல எதுக்கு வாங்கணும்? ஒரு டேபிள் குடுங்க, நான் செஞ்சு காட்டறேன்."

மயில்சாமி யோசித்தார். "செரிங்க அம்மிணி. சாம்பிள் பாஸாச்சுன்னா இந்த செக்சனே உங்களுதுங்க, நீங்களே நடத்துங்க. ஆகலீன்னா சீனாச் சரக்குதான். அப்பறம் என்ர மேல வருத்தப்படக் கூடாது."

மறுநாளே அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். சீனிச்சாமி வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்.

தாளைக் கழுவி, பூச்சு மேல் பூச்சாக அடித்து, சூட்டடுப்பில் காயவைத்து முதல் அம்பு எரிந்தபோது பட்டறையே கைதட்டியது. நீலப் பச்சையில் என்ன அழகு! பாக்கெட் தைப்பது போல நாலு பக்கமும் ஒட்டி முதுகில் தைத்தார்கள். மயில்சாமி சந்தோஷத்தோடு சட்டையைக் கையில் வாங்கினார்.

வாங்கியவர் சும்மா இருந்தாரா? பட்டறை வைப்பதற்கு முன் காதர்பேட்டையில் காலமெல்லாம் பனியன் விற்றவர். அங்கே யாரும் பனியனைக் கண்ணால் பார்ப்பதில்லை. இரண்டு கையாலும் இழுப்பார்கள், ஒரு கைக்குள் வைத்துக் கசக்குவார்கள், விட்டுப் பார்ப்பார்கள்; பழையபடி விரிந்தால்தான் நல்ல துணி. அவருடைய கையும் அதையே செய்தது. உள்ளே 'மொறுக்' என்றது. அம்பின் நடுவே கறுப்புக் கோடு விழுந்து, வெளிச்சம் செத்துப்போனது.

கோபம் வந்தால் சித்ராதேவிக்கு அப்பா ஊர்ப் பேச்சு வந்துவிடும். "என்ன மொதலாளி இப்படிப் பண்ணிப்புட்டீக! ஒண்ணே ஒண்ணுதான இருந்துச்சு! கசக்கிப் பாக்க இது என்ன கோவணத் துணியா?"

"அட சாமி, நா எங்கீங்க பண்ணுனேன்? கை தன்னால பண்ணிப்போட்டுது!" மயில்சாமி அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் டேபிளுக்குப் போனாள். அழுகையும் ஆத்திரமுமாக, செத்த அம்பைப் பிரித்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கத்தான் தப்பு யாருடையது என்று புரிந்தது. பனியன் துணி இழுபடும், பிளாஸ்டிக் இழுபடாது. அந்த இரண்டையும் நாலு பக்கமும் கட்டிப்போட்டால் ஏதாவது ஒன்று சாகத்தான் செய்யும். அதுவும் போக, அவள் தாளைப் பூப்போல வளைத்துச் சோதித்திருந்தாள். சைக்கிள் ஓட்டுகிறவன் குனிவான், சுவரில் சாய்வான், சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணிப்பான். மயில்சாமியின் கையைவிட அவன் ஒன்றும் சாது இல்லை.

அடுத்த சட்டையில், தாளுக்குப் பின்னால் கனமான பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஒட்டினாள். யார் கசக்கினாலும் மசியவில்லை. தையல்கார முத்தாயியைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். முத்தாயி போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

"ஏங் கண்ணு, முதுகுல பலகையக் கட்டுனாப்பல இருக்குது. கீழ விழுந்த நூலக்கூட எடுக்க முடீல எனக்கு. கழட்டி உட்ரு சாமி."

வளையவும் வேண்டும், மடியவும் கூடாது. இதே நினைப்பாகத் திரிந்தாள். நாடா வாங்கக் காதர்பேட்டைக்குப் போன ஒரு காலையில், கடைக்காரர் ஷட்டரை மேலே தள்ளினார். அத்தனை பெரிய இரும்பு, பட்டை பட்டையாகச் சுருண்டு மேலே போனது. சுருண்டதே தவிர எங்கேயும் மடியவில்லை. சித்ராதேவி நடுத்தெருவில் நின்று சிரித்தாள். நாடா வாங்க மறந்துபோய்ப் பட்டறை வரைக்கும் வந்து, தன்னையே திட்டிக்கொண்டு திரும்பப் போனாள்.

கனமான அட்டையை மெல்லிய பட்டைகளாக வெட்டி, மயிரிழை இடைவெளி விட்டுத் தாளின் முதுகில் வரிசையாக ஒட்டினாள். ஒரு பக்கம் வளைத்தால், ஓர் அளவுக்கு மேல் பட்டைகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். மறுபக்கம் அளவு மீறாமலிருக்க, பட்டைகளின் மேல் இழுபடாத பருத்தி நாடாவைக் கொஞ்சம் தளர்த்தி ஒட்டினாள். சட்டையில் நாலு பக்கத் தையலும் போச்சு. முதுகில் வெளிச்சம் தெரிகிற வலைத் துணியில் ஒரு பை வைத்து, அம்பை அதன் மேல் ஓரத்தில் மட்டும் தைத்துத் தொங்கவிட்டாள். துணி தன் பாட்டுக்கு இழுபடும், அம்பு தன் பாட்டுக்கு வளையும். முத்தாயி அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தைத்தாள்.

ராஜ்கமல் வந்து எரிகிற அம்பைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விரலால் தடவினார்.

"உள்ள பட்டை பட்டையா ஏதோ தட்டுப்படுதே? இது உறுத்தும்மா. எடுத்துடுங்க. கடையில தொட்டுப் பார்த்தா சாஃப்டா இருக்கணும். எடுத்துட்டா இன்னிக்கே ஆர்டர்."

"எடுத்தா ரெண்டு தடவ குனியறதுக்குள்ள செத்துரும் சார்."

"அது வாங்குறவன் பாடும்மா."

"நான் எடுக்க மாட்டேன் சார்."

மயில்சாமி குறுக்கே வந்தார். "அம்மிணி..." என்று இழுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"இதையே போட்டுக்கிட்டு ஊருக்குக் கிளம்புங்க சார். வழியில உறுத்துச்சுன்னாலும் சரி, அணைஞ்சு போச்சுன்னாலும் சரி, ஒரு போன் போடுங்க. என் கையாலேயே பட்டையப் பிரிச்சிடறேன். ரெண்டும் இல்லைன்னா இப்படியே ஆர்டர் போடணும். சம்மதமா?"

ராஜ்கமலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதம் என்று சட்டையை மாற்றிக்கொண்டார். சட்டைக்குள் வைத்திருந்த பேட்டரியின் சுவிட்சை அவளே போட்டுவிட்டாள். விமானத்தைப் பிடிக்கக் கிளம்பிய காரில், சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சாயட்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் கார் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்க அம்மிணி, கைக்கு வந்த ஆர்டர இப்படியா ரோட்டுல உடறது?" என்று மயில்சாமி புலம்பிக்கொண்டே இருந்தார். அவள் அடுத்த தாளைக் கழுவினாள். சாயங்காலம் போன் அடித்தது. ராஜ்கமல்தான். எடுத்தவுடன் சத்தம் போட்டார்.

"அம்மா, இதை எப்படி அணைக்கிறது? முதல்ல அதைச் சொல்லுங்க!"

"எரியுதா சார்?"

"எரியுதாவா! ஏர்போர்ட் செக்கிங்ல நிறுத்தி வச்சிருக்காங்க. முதுகுல என்னமோ ஓடுதுன்னு சட்டையைக் கழட்டச் சொல்லி, ஆளாளுக்குச் சுருட்டி, அமுக்கி, உதறிப் பார்த்துட்டாங்க. அது பாட்டுக்கு ஓடுது!"

"சுவிட்ச் இடது பக்கப் பாக்கெட்ல இருக்கு சார். ஆனா அதைப் போட்டுக்கிட்டே ஏன் சார் உள்ள போனீங்க? கார்லயே கழட்டியிருக்கலாமே?"

அந்தப் பக்கம் சுவிட்ச் 'டிக்' என்று அணைந்தது.

"போட்டிருக்கேன்ங்கறதே மறந்து போச்சும்மா" என்றார் ராஜ்கமல்.